பார்வைக்கோட்டின் வரலாறு: சிங்கப்பூரின் ஒளிச் செய்திகள்

கண்ணுக்குப் புலப்படும் ஒளியைக் கொண்டு கம்பியின்றித் தகவல் அனுப்பும் நுட்பம், லைஃபை என்ற பெயரில் 2011ஆம் ஆண்டுக்குப் பிறகே பொதுமக்களின் பேச்சில் இடம்பெறத் தொடங்கியது. ஒரு விளக்கின் ஒளியை மிக விரைவாகக் கூட்டியும் குறைத்தும், அந்த ஏற்ற இறக்கத்தை மறுமுனையில் ஓர் ஒளியுணரியைக் கொண்டு படித்தும் செய்தியைக் கடத்துவதே அதன் அடிப்படையாகும். கருவிகள் புதியவை என்றாலும் அடிப்படை பழையது என்பதைத் துறைமுக நகரங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. சிங்கப்பூர் அவ்வாறான நகரங்களுள் முதன்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அதன் வணிகம் முழுவதும், கடலில் வரும் கப்பலுக்கும் கரையில் நிற்கும் மனிதருக்கும் இடையே ஒளி எடுத்துச் சென்ற செய்திகளை நம்பியே நடந்தது. ஒளிவழிச் செய்திக்கு எக்காலத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் இடையே எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. தடையற்ற இந்த நேர்வழியே பார்வைக்கோடு எனப்படுகிறது. சிங்கப்பூரின் விளக்குகளின் வரலாற்றைத் தொடர்ந்து பார்ப்பவர், நகரம் வளர வளர அதன் கட்டடங்களே அதன் விளக்குகளை மறைத்ததையும், ஒவ்வொரு முறையும் விளக்கு வேறோர் உயரத்தைத் தேடிச் சென்றதையும் காண்பார்.

ஃபோர்ட் கேனிங் குன்று இந்த வரலாற்றின் முதல் மேடை. மலாய் மக்கள் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று, என்று அழைத்த அந்த மேட்டில் 1819இல் ஆங்கிலேயர் கொடியேற்றினர். சில ஆண்டுகளில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸின் வீடும் அங்கே எழுந்ததால் அது அரசாங்கக் குன்று என்ற பெயரைப் பெற்றது. அங்கிருந்த கொடிமரம் ஆட்சியின் சின்னமாக மட்டும் நின்றுவிடவில்லை. அடிவானத்தில் ஒரு கப்பல் தெரிந்ததும், அது எத்திசையிலிருந்து வருகிறது, எவ்வகைக் கப்பல், அஞ்சல் கொண்டு வருகிறதா என்பவற்றைக் கொடிகளின் நிறமும் வரிசையும் கீழே இருந்த வணிகர்களுக்கு அறிவித்தன. 1845 ஆகஸ்டில் பி அண்ட் ஓ நிறுவனத்தின் லேடி மேரி வுட் என்ற நீராவிக் கப்பல் முதல் முறையாக ஐரோப்பிய அஞ்சலுடன் வந்து சேர்ந்தபின், அஞ்சல் கப்பலின் வருகையை எதிர்பார்த்துக் குன்றை அண்ணாந்து பார்ப்பது ஊரின் வழக்கமாகவே ஆனது. ஏனெனில் விலைநிலவரமும் கடன் பத்திரங்களும் குடும்பச் செய்திகளும் அந்த ஒரே வழியில்தான் வந்தன. பிற்பாடு இக்குன்றில் பீரங்கி நாளொன்றுக்கு மூன்று முறை, விடியற்காலை 5 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இரவு 9 மணிக்கும், முழங்கியது. நேரப்பந்து என்ற ஏற்பாடும் இருந்தது. கம்பத்தின் உச்சிக்கு ஏற்றப்பட்ட ஒரு பெரிய பந்து சரியாகப் பகல் 1 மணிக்குக் கீழே விழ, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் அதைப் பார்த்துத் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டன. பீரங்கியின் ஓசை தொலைவைக் கடக்கச் சில வினாடிகள் எடுக்கும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. கடலில் தீர்க்கரேகையைக் கணிப்பதற்கு வினாடிப் பிழையும் பெரும்பிழையாகும் என்பதால், காதை விடக் கண்ணையே மாலுமிகள் நம்பினர்.

குன்று ஒன்று போதவில்லை. மேற்குத் திசையிலிருந்து வரும் கப்பல்களை முன்கூட்டியே காண, இன்று செந்தோசா எனப்படும் பிளாக்காங் மாத்தித் தீவில் ஒரு சமிக்ஞை நிலையம் இருந்தது. அங்கே பணியாற்றியோரைக் காய்ச்சல் வாட்டியதால் 1845இல் அது தெலுக் பிளாங்கா குன்றுக்கு மாற்றப்பட்டது. குன்றின் உச்சிக்குப் பாதை அமைத்தவர் சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் சார்ல்ஸ் எட்வர்ட் ஃபேபர். அதனால்தான் குன்று இன்றும் மவுண்ட் ஃபேபர் என்று வழங்கப்படுகிறது. இரவில் கொடிகள் பயன்படாது. எனவே கொடிமரத்தில் விளக்கு ஏற்றப்பட்டது. ஊரின் கரையிலிருந்த ஜான்ஸ்டன் துறைமேடையின் முனையில் தொங்கிய சிவப்பு விளக்கு படகோட்டிகளுக்கு வழிகாட்டியதால், அந்த இடத்தையே ஹொக்கியன் பேசும் சீனர்கள் செவ்விளக்கு என்னும் பொருள்பட அழைத்தனர்.

துறைமுகத்துக்குள் வழிகாட்டும் விளக்குகளை விடவும் பெருந்தேவையாக இருந்தது, துறைமுகத்தை நெருங்கும் கடல்வழியில் ஒரு விளக்கு. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், தீவிலிருந்து ஏறத்தாழ 44 கிலோமீட்டர் தொலைவில், பெட்ரா பிராங்கா என்ற சிறு பாறை கடலிலிருந்து தலைநீட்டி நிற்கிறது. சீனாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் அனைத்தும் அதன் அருகே செல்ல வேண்டியிருந்தது. அப்பாறையில் எழுந்த கலங்கரை விளக்கத்துக்குப் பெயர் தந்தவர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி. 1786இல் அவர் பணிபுரிந்த அட்லஸ் என்ற கப்பல், பிழையான கடல்வரைபடத்தை நம்பிச் சென்று டியேகோ கார்சியா தீவில் மோதிச் சிதைந்தது. அந்த விபத்துக்குப் பின் அவர் தம் வாழ்நாளைக் கடல்வழிகளைத் துல்லியமாகப் பதிவு செய்வதற்கே ஒப்படைத்தார்; அவர் தொகுத்த வழிகாட்டி நூல் கிழக்கிந்தியக் கடல்களில் சென்ற ஒவ்வொரு கப்பலிலும் இருந்தது எனலாம். 1836இல் அவர் மறைந்தபோது, கான்டன் நகர வணிகர்கள் அவர் நினைவாக ஒரு விளக்கம் எழுப்ப நிதி திரட்டத் தொடங்கினர். தனி மனிதர் ஒருவர் காகிதத்தில் செய்த பணியைக் கல்லிலும் ஒளியிலும் தொடர்வது என்ற அந்த எண்ணம், நினைவுச் சின்னங்களின் வரலாற்றில் மிகப் பொருத்தமானவற்றுள் ஒன்று.

கட்டுமானத்தை ஏற்றவர் அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன். 1850 மே 24 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. புலாவ் உபின் தீவில் கருங்கல்லை வெட்டிச் செதுக்கிப் படகில் ஏற்றிப் பாறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாறையிலோ நிழலும் இல்லை, நன்னீரும் இல்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் பாறையையே கடந்துசென்றதால் வேலை முற்றிலும் நின்றது. சீனக் கற்றச்சர்களும் மலாய்ப் படகோட்டிகளும் இந்தியக் கைதிகளும் ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத நிலையில் அங்கே உழைத்தனர். 1851 அக்டோபர் 15 முதல் விளக்கு முறையாக எரியத் தொடங்கியது. தாம்சனின் உடல்நிலை இப்பணியால் நலிவுற்றது. அவர் 1853இல் தாய்நாடு திரும்பி, பிற்காலத்தில் நியூசிலாந்தின் முதல் தலைமை நில அளவையாளரானார். விளக்கத்தின் செலவை ஈடுகட்ட 1852இல் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, அவ்வழியே செல்லும் கப்பல்களிடம் விளக்குக் கட்டணம் வாங்கியது. அக்காலத்தில் சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் கல்கத்தாவிலிருந்தே ஆளப்பட்டன என்பதால் சட்டமும் அங்கிருந்தே வந்தது. ஒளி தந்த செய்திக்குக் கப்பல் உரிமையாளர்கள் விலை கொடுத்தனர் என்பது இதன் பொருள்; இன்றைய தொலைத்தொடர்புக் கட்டணத்துக்கு இதைவிட நேரான முன்னோடியைக் காண்பது அரிது. அந்த விளக்கைப் பராமரித்த நடத்தையே நெடுங்காலத்துக்குப் பின் வேறொரு வழக்கில் சான்றாக நின்றது: 2008 மே 23 அன்று அனைத்துலக நீதிமன்றம், பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கே உரியது என்று 12க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தபோது, விளக்கத்தை நடத்திவந்த சிங்கப்பூர் ஆட்சியாளர்களின் செயல்களும் கணக்கில் கொள்ளப்பட்டன.

இந்த விளக்குகளின் வரலாற்றில் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் பங்கு, பெரும்பாலான நூல்களில் ஓரிரு வரிகளில் கடந்துசெல்லப்படுகிறது. அதைவிடக் கூடுதல் இடம் பெறத்தக்கது அது. 1824ஆம் ஆண்டின் ஆங்கிலேய–டச்சு உடன்படிக்கையின்படி சுமாத்ராவின் பென்கூலன் டச்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டதால், அங்கிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டனர். 1825 ஏப்ரல் 18 அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர் முதலில் வந்திறங்கினர். ஒரு வாரத்தில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். அதன்பின் சுமார் அரை நூற்றாண்டுக் காலம் சிங்கப்பூரின் சாலைகள், பாலங்கள், கால்வாய்கள், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றின் பெரும்பகுதி இக்கைதிகளின் உழைப்பில் உருவாயிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்கு அவர்கள் பூசிய சென்னைச் சுண்ணச்சாந்து, முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் சேர்த்துக் குழைக்கப்பட்டது. கைதிகளுள் நன்னடத்தை உடையோரே மற்றவர்களுக்குக் காவலராக இருந்த விந்தையான ஏற்பாட்டை, அவர்களின் கண்காணிப்பாளராக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

இக்கைதிகளின் உழைப்பில் எழுந்தவற்றுள் குறிப்பிடத்தக்கது ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம். நீரிணையின் மேற்குப் பக்கத்தில், சிங்கப்பூரின் தென்கோடித் தீவான புலாவ் சாத்துமுவில் 1854 மே 24 அன்று ஆளுநர் பட்டர்வொர்த் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1855 டிசம்பர் 1 அன்று விளக்கு ஏற்றப்பட்டது. இதற்கும் உபின் தீவின் கருங்கல்லே பயன்பட்டது. வெடிமருந்து வைத்துப் பாறையைப் பிளப்பதும், பிளந்த கல்லை அளவுக்கு வெட்டுவதும் கைதிகள் கற்றுத் தேர்ந்த தொழில்களாயின. அதே சிறையைச் சேர்ந்த வேறு சிலர் சிராங்கூன் சாலையை ஒட்டிய அரசாங்கச் செங்கற்சூளைகளில் வேலை செய்தனர். அப்பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தமையால் தமிழர்கள் அவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தனர். இன்று லிட்டில் இந்தியா என்று சுற்றுலாப் பயணிகள் அறியும் தேக்கா வட்டாரத்தின் தொடக்கம், மாட்டுத் தொழுவங்களோடும் இந்தச் சூளைகளோடும் காளவாய்களோடும் சேர்ந்தது. 1873இல் கைதிகளின் முகாம் கலைக்கப்பட்டபோது விடுதலை பெற்றவர்களுள் பலர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்டனர். அடிக்கல் நாட்டியவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. கல்லுடைத்தவர்களின் பெயர்கள் எந்தக் கலங்கரை விளக்கத்திலும் இல்லை. நீரிணையின் இருபுறமும் இரவுதோறும் எரிந்த விளக்குகளுக்கு அவர்களும் உரியவர்கள் என்பதை வரலாறு எழுதுவோர் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கலங்கரை விளக்கம் வெறும் வெளிச்சம் தருவதோடு நின்றிருந்தால் அதைச் செய்திக் கருவி என்று கொள்வது மிகையாகும். இருட்டில் ஒரு வெளிச்சத்தைக் காணும் மாலுமிக்கு, அது எந்த விளக்கு என்பது தெரியாவிட்டால் பயனைக் காட்டிலும் ஆபத்தே அதிகம். ஒன்றை மற்றொன்றாக எண்ணித் திரும்பிய கப்பல்கள் உலகெங்கும் பாறைகளில் மோதியிருக்கின்றன. இதனால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனித்த ஒளிர்முறை வகுக்கப்பட்டது. எத்தனை முறை மின்னுகிறது, எத்தனை வினாடிக்கு ஒரு சுற்று, என்ன நிறம் என்பவையே அந்த ஒளிர்முறை. கடல்வரைபடங்களில் ஒவ்வொரு விளக்கின் அருகிலும் இது சுருக்கக் குறியீடாக அச்சிடப்பட்டிருக்கும். இப்போதைய நிலையில் ஹார்ஸ்பர்க் 10 வினாடிக்கு ஒரு முறை மின்னுகிறது. 1890களில் எழுந்த சுல்தான் ஷோல் 15 வினாடியில் இரு முறை. ராஃபிள்ஸ் 20 வினாடியில் மூன்று முறை. கடிகாரத்தைக் கையில் வைத்து எண்ணும் மாலுமி, எண்ணிக்கையிலிருந்தே தான் இருக்கும் இடத்தை அறிகிறார். ஒளியின் அளவில் இல்லாத செய்தி, ஒளி காலத்தில் மாறும் விதத்தில் இருக்கிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பே, இன்றைய லைஃபை வரை நீளும் கோட்டின் தொடக்கம்.

சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் மலாக்கா நீரிணை வழியே வந்த கப்பல்களுக்கு, ஜொகூர்க் கரையோரம் புலாவ் பிசாங் தீவில் 1886 முதல் எரிந்த விளக்கும், அதன்பின் சுல்தான் ஷோலும் ராஃபிள்ஸும் சிங்கப்பூர் நெருங்கிவிட்டதற்கான அறிவிப்புகளாயின. 1926 முதல் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக இவ்வழியில் ஓடிய ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் நின்றவர்களும் இதே விளக்குகளையே கண்டனர். அவர்களுள் பலர் நகரத்தில் கால் வைப்பதற்கு முன் செயின்ட் ஜான்ஸ் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் தங்க வேண்டியிருந்தது. நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கித் தொங்கான்களில் ஆற்றுக்குள் கொண்டுவந்தவர்களும் தொடக்கப் பத்தாண்டுகளில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்களே. சூலியா தெருவின் பெயரும் தெலுக் ஆயரின் நாகூர் தர்காவும் அவர்களின் காலத்தைச் சேர்ந்தவை. இரவில் ஆற்று முகத்துக்குத் திரும்பிய அந்தத் தொங்கான்காரர்களைவிடத் துறைமுக விளக்குகளை அன்றாடம் படித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

நிலையான விளக்கு ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். புதுச்செய்தி சொல்ல அதற்கு வழியில்லை. அந்தக் குறையை நீக்கியது மோர்ஸ் குறியீட்டை ஒளிக்குப் பயன்படுத்திய முறை. 1860களில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஃபிலிப் கொலம்ப், விளக்கின் முன் ஒரு மூடியைத் திறந்து மூடிக் குறுமின்னல், நெடுமின்னல் என்று எழுத்துகளை அனுப்பும் முறையை உருவாக்கினார். அதே காலத்தில் பாரசீக வளைகுடாத் தந்தித் துறையில் பணியாற்றிய ஹென்றி மான்ஸ், கண்ணாடியில் சூரிய ஒளியைத் திருப்பிச் செய்தி அனுப்பும் ஹீலியோகிராஃப் கருவியை அமைத்தார். இந்தியப் படைகள் அதை ஆஃப்கானிஸ்தானின் மலைகளில் பெரிதும் பயன்படுத்தின. 1880இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், ஒளிக்கற்றையின் மீது மனிதக் குரலையே ஏற்றிக் காட்டினார். பேசும்போது அதிரும் மெல்லிய கண்ணாடி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்ப, மறுமுனையில் செலினியம் என்ற தனிமத்தால் ஆன ஏற்பி அந்த அதிர்வை மீண்டும் ஒலியாக்கியது. வாஷிங்டனில் ஏறத்தாழ 213 மீட்டர் தொலைவுக்கு இவ்வாறு பேச முடிந்தது. மேகம் மறைத்தால் பேச்சும் நின்றது என்பதால் அது வணிகத்தில் வெற்றிபெறவில்லை. ஆயினும் ஒளியின் மறுமுனையில் மனிதக் கண்ணுக்குப் பதில் ஒரு பொருளை வைத்த அந்தத் துணிவே பிற்கால முன்னேற்றங்கள் அனைத்துக்கும் வழிதிறந்தது.

சென்னையிலிருந்து பினாங்கு வழியாகக் கடலடித் தந்திவடம் 1871இன் தொடக்கத்தில் சிங்கப்பூரை எட்டியபின், நகரங்களுக்கு இடையிலான செய்தி செம்புக் கம்பிக்குள் சென்றுவிட்டது. ஓடும் கப்பலுக்கு மட்டும் வடம் இழுக்க முடியாது. எனவே கடலை நோக்கிய விளக்கின் பணி குறையவில்லை. சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின் பெருகிய போக்குவரத்தால் அது கூடவே செய்தது. ஃபோர்ட் கேனிங் குன்றின் மேல் 1903இல் இயங்கத் தொடங்கிய எஃகுக் கலங்கரை விளக்கம் இந்தப் பெருக்கத்தின் விளைவு. மண்ணெண்ணெயால் எரிந்த அதன் ஒளி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருந்தமையால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வரை தெரிந்தது. உயரமே தொலைவைத் தீர்மானிக்கிறது. பூமியின் வளைவு காரணமாக, 30 மீட்டர் உயரத்தில் உள்ள விளக்கை நீர்மட்டத்தில் கண்ணை வைத்திருப்பவர் சுமார் 20 கிலோமீட்டருக்கு அப்பால் காண முடியாது. குன்று ஒன்றைத் தேடி விளக்கை ஏற்றியதன் பின்னே இந்தக் கணக்கு இருந்தது.

குன்றின் உயரம் நிலையானது. அதன் முன்னிருந்த ஊர் அவ்வாறு நிற்கவில்லை. கடற்கரைக்கும் குன்றுக்கும் இடையே கட்டடங்கள் ஓங்கியபோது, கடலிலிருந்து குன்றின் விளக்கைக் காண்பது கடினமாயிற்று. காணும் இடங்களிலும் நகரத்தின் மின்விளக்குகளுக்கு நடுவே அதைப் பிரித்தறிவது கடினமாயிற்று. பொறியாளர் இரைச்சல் என்று குறிப்பிடும் இடர் இதுவே: செய்தி தாங்கிய ஒளியை, செய்தி ஏதும் தாங்காத ஒளி மூழ்கடிக்கிறது. 1864 மே 24 அன்று முதன்முதலில் எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டு, 1906இல் மின்விளக்குகளைப் பெற்ற தெருக்கள், அரை நூற்றாண்டுக்குள் தம் துறைமுக விளக்குக்கே போட்டியாயின. 1958 டிசம்பரில் ஃபோர்ட் கேனிங் விளக்கு அணைக்கப்பட்டு, ஆற்று முகத்தில் 1928இல் திறக்கப்பட்ட ஃபுல்லர்ட்டன் கட்டடத்தின் உச்சியில் வலிமை மிக்க புதிய மின்விளக்கு ஏற்றப்பட்டது. தலைமை அஞ்சலகம் இயங்கிய கட்டடத்தின் மேலேயே ஒளிச்செய்தியும் இடம்பெற்றது பொருத்தமான அமைப்பு. ஆனால் அது இருபது ஆண்டுகளே நீடித்தது. 1970களில் ஷென்டன் வே வட்டாரத்திலும் கடலை நிரப்பிய புதுநிலத்திலும் உயர்ந்த அலுவலகக் கோபுரங்கள் ஃபுல்லர்ட்டனையும் மறைத்தன. 1978இல் மரீன் பரேட் பகுதியில், லகூன் வியூ என்ற 25 மாடிக் குடியிருப்பின் கூரையில் பெடோக் கலங்கரை விளக்கம் தானியங்கியாக நிறுவப்பட்டது. குடும்பங்கள் சமைத்து உண்டு உறங்கும் கட்டடமொன்றின் தலையில், 5 வினாடிக்கு ஒரு முறை மின்னும் அந்த விளக்கு, கப்பல்களுக்குச் சிங்கப்பூரின் கிழக்குக் கரையை இன்றும் அடையாளம் காட்டுகிறது.

இதே பயணத்தைச் சென்னையின் விளக்கும் மேற்கொண்டது என்பதைத் தமிழ் வாசகர் கவனிக்கலாம். 1796இல் புனித ஜார்ஜ் கோட்டையில், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் கூரையில் எரிந்த அந்த விளக்கு, 1844இல் தனிக் கருங்கல் தூணுக்கும், 1894இல் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்துக்கும், 1977இல் மெரினாக் கரையின் இன்றைய கோபுரத்துக்கும் மாறியது. நீதிமன்றத்தின் மேல் 83 ஆண்டுகள் எரிந்த விளக்கும், அஞ்சலகத்தின் மேல் 20 ஆண்டுகள் எரிந்த விளக்கும் ஒரே நெருக்கடிக்கு இரு நகரங்கள் கண்ட தீர்வுகள். வேறுபாடு வேகத்தில்தான் இருக்கிறது: சென்னை ஒரு நூற்றாண்டில் சந்தித்ததைச் சிங்கப்பூர் ஒரு தலைமுறைக்குள் இருமுறை சந்தித்தது.

கூரைக்கு மேல் இடமற்றுப்போன ஒளிச்செய்தி, கூரைக்குக் கீழே வந்தது அதற்குப் பிந்தைய அத்தியாயம். அதைச் சாத்தியமாக்கியது எல்இடி எனப்படும் ஒளியுமிழ் டயோடு. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினர். நீல ஒளியின் ஒரு பகுதியை மஞ்சள் பாஸ்பரப் பூச்சு உறிஞ்சி மாற்றித் தர, இரண்டும் கலந்து வெள்ளொளி கிடைத்தது. இதற்காக அவர்களுக்கு 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இழை சூடாகி ஒளிரும் பழைய குமிழ்விளக்கை விரைந்து அணைத்து ஏற்ற முடியாது. இழை ஆறுவதற்கே நேரம் வேண்டும். எல்இடியை ஒரு வினாடியில் பல இலட்சம் முறை கூட்டிக் குறைக்கலாம். மனிதக் கண் வினாடிக்கு நூறு முறைக்கு மேற்பட்ட மினுக்கலைப் பிரித்தறியாது என்பதால், அறையில் இருப்பவர் சீரான வெளிச்சத்தையே காண்பார். ஒளியுணரி மட்டும் அதற்குள் ஒன்றும் சுழியுமாக ஓடும் தகவலைப் படிக்கும். பாஸ்பரப் பூச்சு மெதுவாக எதிர்வினை புரிவதால் வேகம் மட்டுப்படுகிறது. ஏற்பியின் முன் நீல வடிகட்டியை வைத்து அந்த மெதுவான மஞ்சள் பகுதியை விலக்குவது இதற்குக் கையாளப்படும் எளிய வழி.

இந்த ஆய்வை 2000களின் தொடக்கத்தில் டோக்கியோவின் கேயோ பல்கலைக்கழகத்தில் நகாகவா குழுவினர் முன்னெடுத்தனர். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஹரால்டு ஹாஸ் 2011இல் லைஃபை என்ற பெயரை உலகறியச் செய்தார். 2023இல் வெளிவந்த ஐஇஇஇ 802.11பிபி என்ற தரநிலை, ஒளிவழித் தொடர்பை வைஃபை குடும்பத்துக்குள் சேர்த்தது. ஆயினும் அது அகச்சிவப்பு ஒளியையே பயன்படுத்துகிறது என்பதால், கண்ணுக்குத் தெரியும் ஒளியே தகவல் சுமக்கும் என்ற தொடக்ககால வாக்குறுதி இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்துறையில் தொடர்ந்து உழைத்து வருகின்றனர். அவர்கள் ஆராய்ந்த பயன்களுள் ஒன்று, உட்புற இடங்காணல். செயற்கைக்கோள் குறியலைகள் கட்டடங்களுக்குள் சரிவர எட்டுவதில்லை. கூரையில் உள்ள ஒவ்வொரு எல்இடியும் தன் அடையாள எண்ணைக் கண்ணுக்குப் புலப்படாத மினுக்கலாக ஒளிபரப்பினால், கீழே நகரும் கருவி எந்த விளக்குகளின் கீழ் உள்ளது என்பதைக் கணித்துத் தன் இடத்தை அறியும். ராஃபிள்ஸ் விளக்கின் மூன்று மின்னல்களை எண்ணிய மாலுமி செய்த அதே கணிப்பை, கிடங்கிலோ தொழிற்சாலையிலோ நகரும் இயந்திரம் பல்லாயிரம் மடங்கு விரைவாகச் செய்கிறது.

சுவரை ஊடுருவாமை இங்கே குறையாகத் தோன்றினாலும், நெருக்கமாக வாழும் நகரத்துக்கு அதுவே பெருமளவு நன்மை. அடுக்குமாடி வீடுகளில் பக்கத்து வீடுகளின் வைஃபை அலைகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒளியோ ஓர் அறைக்குள் அடங்கிவிடுவதால், அடுத்த அறையில் அதே அலைநீளத்தை மீண்டும் பயன்படுத்தலாம், வெளியிலிருந்து ஒட்டுக்கேட்பதும் கடினம். கடலை நோக்கிய விளக்கைப் பார்வைக்கோடு இருமுறை இடம்பெயர்த்தது. அறைக்குள் அதே பார்வைக்கோடு செய்திக்கு வேலியாகிறது.

அறைக்கு வெளியிலும் ஒளி மீண்டும் கூரைகளுக்குத் திரும்பியுள்ளது. 2016இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட டிரான்ஸ்செலஸ்டியல் என்ற நிறுவனம், இழைவடம் புதைக்க முடியாத இடங்களில் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து மற்றொன்றுக்கு லேசர் ஒளியில் தகவல் அனுப்பும் கருவிகளைச் செய்கிறது. இந்த லேசரும் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பே. கனமழையும் அடர்ந்த புகைமூட்டமும் கற்றையை வலுவிழக்கச் செய்யும் என்பது வெப்பமண்டல நகரத்துக்குச் சிறிய இடர் அன்று. இரு கூரைகளுக்கும் இடையே புதிய கோபுரமொன்று எழுந்தால், கருவியைக் கழற்றி வேறொரு கூரைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடலின் விளக்குகளோ இன்னும் எரிகின்றன. ஹார்ஸ்பர்க், ராஃபிள்ஸ், சுல்தான் ஷோல், புலாவ் பிசாங், பெடோக் ஆகிய ஐந்தையும் சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் பராமரிக்கிறது. செயற்கைக்கோள் வழிகாட்டியும் ராடாரும் ஒவ்வொரு பெரிய கப்பலிலும் இருக்கும் இந்நாளில், கருவி பழுதானாலும் குறியலையை எவரேனும் குலைத்தாலும் மாலுமிக்கு எஞ்சியிருக்கும் சரிபார்ப்பு இவ்விளக்குகளே. அவற்றைப் படிக்கக் கப்பலில் எந்த ஏற்பியும் தேவையில்லை, கண்ணும் கடிகாரமும் போதும். ஃபோர்ட் கேனிங் குன்றின் மேல் கொடிமரம், நேரப்பந்து, கலங்கரை விளக்கம் மூன்றின் மாதிரிகளும் நிறுத்தப்பட்டுள்ளன. பூங்காவுக்கு வருவோர் அவற்றின் அருகே நின்று தெற்கே நோக்கினால் வங்கிகளின் கோபுரங்களையே காண்பர். கடல் அங்கிருந்து தெரிவதில்லை.